நான் பார்க்காத லிஸ்பன்

பிரயாணக் கட்டுரை எழுதுவது சுலபமான காரியம் என்ற எண்ணம் நம்மிடையே எப்படியோ வேரூன்றிவிட்டது. கதைக்குக் கற்பனை வேண்டும்; கவிதைக்குச் செவி வேண்டும்; விமரிசனத்துக்குப் படிப்போடு கொஞ்சம் துணிச்சலும் வேண்டும். பிரயாணக் கட்டுரைக்கு மட்டும் போய்வர ஒரு டிக்கெட் இருந்தால் போதும் என்று நினைக்கிறோம். பத்திரிகை ஆசிரியர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். "வெளிநாடு போகிறீர்களாமே, ஒரு பத்துக் கட்டுரை அனுப்புங்கள்" என்று கேட்கிற ஆசிரியர், "கல்யாணத்துக்குப் போகிறீர்களாமே, ஒரு நாவல் அனுப்புங்கள்" என்று கேட்பதில்லை.

இதன் விளைவு, நம் பிரயாணக் கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவையாக இருக்கின்றன. விமானத்தில் ஜன்னலோர இடம். பக்கத்தில் ஒரு வெள்ளைக்கார மூதாட்டி. சுங்கச் சோதனையில் ஊறுகாய்ப் பாட்டிலைப் பார்த்துச் சந்தேகப்பட்ட அதிகாரி. சைவச் சாப்பாட்டுக்குப் பட்ட அவஸ்தை. பிறகு வரிசையாகக் கட்டடங்கள். ஒவ்வொரு கட்டடத்துக்கும் எத்தனை அடி உயரம், எந்த ராஜா கட்டினான் என்ற கணக்கு. முடிவில், என்ன இருந்தாலும் நம் ஊர்க் காப்பிக்கு ஈடாகுமா என்று ஒரு பெருமூச்சு. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிவிட்டால் பாரிஸ் கட்டுரை வெனிஸ் கட்டுரையாகிவிடும். வெனிஸ் கட்டுரை ரோமாபுரிக் கட்டுரையாகிவிடும்.

இதற்கு உதாரணம் தேடிப் பிறர் எழுத்துக்குப் போக வேண்டியதில்லை. நான் எழுதியதே கைவசம் இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் போர்ச்சுகல் தேசத்துத் தலைநகரான லிஸ்பனில் ஆறு நாள் தங்கிவிட்டு வந்து, அதைப் பற்றி ஒரு பத்திரிகையில் எழுதினேன். வாசகர்கள் பாராட்டிக் கடிதம் போட்டார்கள். "கூடவே வந்ததுபோல் இருந்தது" என்று ஓர் அம்மாள் எழுதியிருந்தார். அந்தக் கட்டுரையை இப்போது எதிரே வைத்துக்கொண்டு, வேறொருவர் எழுதியதாகப் பாவித்துப் படித்துப் பார்க்கிறேன்.

லிஸ்பன் ஏழு குன்றுகளின் மேல் இருக்கிறது என்று கட்டுரை ஆரம்பிக்கிறது. மஞ்சள் நிற டிராம் வண்டி ஒன்று, 28-ஆம் நம்பர், அல்ஃபாமா என்ற பழைய பகுதியின் சந்துகளில் சுவரை உரசாத குறையாக ஏறி இறங்குவதைச் சொல்லியிருக்கிறேன். வீட்டுச் சுவர்களில் நீலமும் வெள்ளையுமாகப் பதித்த ஓடுகள், சாயங்காலம் தேஜோ நதியின்மேல் விழுகிற வெளிச்சம், இரவில் ஒரு சிறு விடுதியில் கறுப்புச் சால்வை போர்த்திய பெண் பாடிய ஃபாடோ சங்கீதம் எல்லாம் இருக்கின்றன. 1755-ஆம் வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி, சகல புனிதர் திருநாளன்று காலையில், பூகம்பமும் கடலும் நெருப்புமாகச் சேர்ந்து நகரத்தை அழித்ததற்கு ஒரு பத்தி. கூரையில்லாமல் நிற்கிற கார்மோ மடத்துக்கு ஒரு பத்தி. நகரத்துக்கு மேற்கே ஆற்றோரமாக இருக்கிற பெலெம் என்ற பகுதியில் 1837 முதல் செய்துவரும் முட்டைப் பலகாரத்துக்கு இரண்டு பத்தி. இதில் என் ரசனையின் நிறை குறைகள் தெரிகின்றன என்று நினைக்கிறேன்.

பிறகு ஜெரோனிமோஸ் மடம் வருகிறது. 1501-ஐ ஒட்டி மானுவேல் ராஜா கட்ட ஆரம்பித்த பெரிய மடம் அது. கோயிலுக்குள் நுழைந்ததும் வாஸ்கோட காமாவின் கல்லறை ஒரு பக்கம், மகாகவி காமோயிஷின் கல்லறை மறுபக்கம். உள்ளே, பலிபீடத்தின் இருபுறமும் ராஜாக்கள், ராணிகளின் கல்லறைப் பெட்டிகளைப் பளிங்கு யானைகள் சுமந்து நிற்கின்றன. இந்த யானைகளைக் கண்டதும் எனக்கு உற்சாகம் பிறந்திருக்கிறது. "கடல் கடந்து வந்த இடத்திலும் நம்மூர் யானை, சுமை மட்டும்தான் வேறு" என்று எழுதியிருக்கிறேன். பல வாசகர்கள் ரசித்ததாகச் சொன்னது இந்த வாக்கியத்தைத்தான்.

இந்தக் கட்டுரையில் தகவல் பிழை ஏதும் இல்லை. நடையும் மோசமில்லை. ஆனாலும் அது நல்ல கட்டுரை இல்லை. ஏன் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. முத்தையாபுரத்திலிருந்து வந்த ஒரு கடிதம்தான் தெரியப்படுத்திற்று.

தூத்துக்குடிக்குத் தெற்கே, திருச்செந்தூர் ரஸ்தாவில் இருக்கிறது முத்தையாபுரம். சுற்றிலும் உப்பளங்கள். கடிதம் எழுதியவர் அங்கே ஓர் உப்பளத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். அவருடைய பெயரின் பின்பாதி போர்ச்சுகீசியப் பெயர். அந்தக் கரையில் அது சாதாரண விஷயம். உள்நாட்டுக் கடிதம் ஒன்றில், ஓரம்கூட விடாமல், கணக்குப் புத்தகத்தில் எழுதுகிற மாதிரிச் சிறிய எழுத்தில் எழுதியிருந்தார். பாராட்டு ஒரே வரி. அதன் பிறகு இப்படி ஒரு கேள்வி: "ஐயா, தாங்கள் யானையைப் பார்த்தீர்கள். அதன் முதுகிலே படுத்திருக்கிற அம்மாள் யார் என்று பார்த்தீர்களா? அவள் காலுக்குச் செருப்பு வாங்க எங்கள் ஊர் வருஷா வருஷம் பணம் கட்டியிருக்கிறது."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பெரியவர் ஏதோ கர்ண பரம்பரைக் கதை சொல்கிறார் என்று நினைத்தேன். புத்தகங்களைப் புரட்டியபோது அவர் சொன்னது சரித்திரம் என்று தெரிந்தது.

1530-களில், கடலிலே தங்களுக்குப் போட்டியாக இருந்தவர்களிடமிருந்து பாதுகாப்புத் தேடி, முத்துக்குளித்துறையின் பரதவர்கள் கொச்சிக்குத் தூது போய்ப் போர்ச்சுகீசியரின் துணையை வேண்டினார்கள், ஞானஸ்நானமும் பெற்றார்கள். துணைக்கு விலை உண்டல்லவா? முத்துச் சலாபத்தின் வருமானத்திலிருந்து வரி கட்ட வேண்டியதாயிற்று. அந்த வரியில் ஒரு பகுதி, வருஷத்துக்கு 4,000 பணம், போர்ச்சுகல் ராணியின் பாதரட்சைச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்ததாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. ராணியின் பெயர் கத்தரீனா. மூன்றாம் ஜான் என்ற ராஜாவின் மனைவி. 1542-இல் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்த பிரான்சிஸ் சவேரியார், குழந்தைகளுக்கு மந்திரம் சொல்லிக் கொடுக்கும் உபதேசியார்களின் சம்பளத்துக்கு அந்தப் பணத்தைக் கேட்டு வாங்கினார். இந்தக் கரையின் குழந்தைகளைவிடச் சொர்க்கத்துக்கு ஏறிப்போக நல்ல பாதரட்சை ராணிக்குக் கிடைக்காது என்ற கருத்தில் அவர் எழுதியதாகவும் சொல்கிறார்கள்.

ஜெரோனிமோஸ் மடத்தின் உட்கோயிலைப் புதுப்பித்துக் கட்டுவித்தவள் இந்தக் கத்தரீனாதான். அங்கே யானைகளின் மேல் இருக்கும் கல்லறைகளில் ஒன்று மூன்றாம் ஜானுடையது, ஒன்று அவளுடையது. நான் அதற்குப் பத்தடி தூரத்தில் நின்றிருக்கிறேன். யானையின் தந்தத்தைப் பார்த்திருக்கிறேன். கல்லில் பொறித்த பெயரைப் படிக்கவில்லை.

பெரியவரின் கடிதத்தில் இரண்டாவது விஷயம் ஒன்றும் இருந்தது. அதே மூன்றாம் ஜானின் ஆணைப்படி, 1554-ஆம் வருஷம் பிப்ரவரி 11-ஆம் தேதி லிஸ்பன் நகரத்தில் ஒரு சிறு புத்தகம் அச்சாகி முடிந்தது. கிறிஸ்தவ மந்திரங்களும் உபதேசமும் அடங்கிய புத்தகம். பாஷை தமிழ், எழுத்து ரோமன் எழுத்து. தமிழ்ச் சொற்களோடு அவற்றுக்கு நேரான போர்ச்சுகீசியச் சொற்களும் சேர்த்து, கறுப்பும் சிவப்புமாக அச்சிட்டிருக்கிறார்கள். அதை ஆக்கியவர்களாக வின்சென்ட் நாசரேத், ஜோர்ஜ் கார்வால்யோ, தோமா குருஸ் என்று மூன்று பெயர்கள் குறிப்பிடப்பட்டிருக்கின்றன. இவர்கள் தமிழறிந்த இந்தியர்கள். முத்துக்குளித்துறையைச் சேர்ந்தவர்கள் என்றே அறிஞர்கள் கருதுகிறார்கள். அச்சு யந்திரத்தின் அடியில் தமிழ் பாஷை முதன்முதலாகப் போனது லிஸ்பனில்தான். தமிழ் எழுத்திலேயே அச்சான 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் வெளிவந்தது 1578-இல். இருபத்து நாலு வருஷம் கழித்து.

அந்தப் பழைய புத்தகத்தின் பிரதி ஒன்று பெலெம் பகுதியின் அருங்காட்சியகத்தில் இருப்பதைத் தனிநாயகம் அடிகள் 1950-களிலேயே தமிழர்களுக்கு எடுத்துச் சொல்லிவிட்டார். அந்த அருங்காட்சியகம் இருப்பது ஜெரோனிமோஸ் மடத்தின் நீண்ட பக்கக் கட்டடத்தில். முட்டைப் பலகாரம் வாங்க நின்ற வரிசையிலிருந்து அந்தக் கட்டடத்துக்கு ஐந்து நிமிஷ நடை. பலகாரத்துக்கு முக்கால் மணி நேரம் நின்றேன் என்று கட்டுரையில் பெருமையாக வேறு எழுதியிருக்கிறேன்.

இனி விமரிசனத்துக்கு வருகிறேன். என் கட்டுரையின் குறை, சில தகவல்கள் விட்டுப்போனது மட்டும் என்று வைத்துக்கொண்டால் அது பெரிய தவறாகிவிடும். செருப்புப் பணத்தையும் 1554-ஐயும் இரண்டு பத்தியாக நடுவில் செருகினால் கட்டுரை நன்றாகிவிடாது. கொஞ்சம் நீளமாகும், அவ்வளவுதான். மூலக் குறை வேறு இடத்தில் இருக்கிறது. அந்தக் கட்டுரையை எழுதியவன் எந்த ஊர்க்காரன் என்று அதிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. காப்பியையும் யானையையும் எடுத்துவிட்டால் அதை ஒரு டென்மார்க்குக்காரன்கூட எழுதியிருக்கலாம். லிஸ்பனிடம் கேட்க எனக்கு ஒரு கேள்வியும் இருக்கவில்லை. கேள்வி இல்லாமல் போகிறவனுக்கு ஊர் எதைக் காட்டும்? தபால் அட்டையில் ஏற்கெனவே அச்சடித்து வைத்திருப்பதைக் காட்டும்.

இதற்கு நேர்மாறான ஒரு பிரயாண நூலைச் சொல்கிறேன். நம் பக்கத்து நாட்டுக்காரரான பாறேம்மாக்கல் தோமா கத்தனார் மலையாளத்தில் எழுதிய 'வர்த்தமானப் புஸ்தகம்'. இந்திய பாஷைகளில் எழுதப்பட்ட முதல் பிரயாண நூல் என்று அதைச் சொல்லுவார்கள். 1778-இல் அவரும் கரியாட்டில் மல்பானும் கேரளத்திலிருந்து புறப்பட்டு, சென்னைப் பட்டினம் வந்து கப்பலேறி, லிஸ்பனுக்கும் ரோமாபுரிக்கும் போனார்கள். திரும்பி வந்தது 1786-இல். கரியாட்டில் கோவாவோடு காலமாகிவிட்டார். இவர்கள் நகரம் பார்க்கப் போனவர்கள் அல்ல. தங்கள் சமூகத்துக்கு இழைக்கப்பட்ட அநீதியைச் சொல்லி நியாயம் கேட்கப் போனவர்கள். எட்டு வருஷம் அலைந்தவர்கள். நூல் அச்சேறியது 1936-இல்தான். இருந்தும் இன்று படிக்கிறபோது அது உயிரோடு இருக்கிறது. ரோமாபுரியின் பெரிய மனிதர்களுடைய வாசலில் காத்திருந்தவனுக்கு அந்த வாசலின் உயரம் அடிக்கணக்கில் தெரிய வேண்டியதில்லை. அது வேறு விதமாகத் தெரியும்.

காரியமாகப் போனவனுக்குத்தான் ஊர் தெரியும் என்று இதிலிருந்து சட்டம் செய்துவிட முடியுமா? முடியாது. ஏ. கே. செட்டியார் இருக்கிறார். 1940-இல் 'உலகம் சுற்றும் தமிழன்' எழுதியவர். மகாத்மாவைப் பற்றிய படத்துக்காக அவர் பல கண்டங்கள் சுற்றியது காரியம்தான் என்றாலும், அவருடைய கட்டுரைகள் அந்தக் காரியத்தைப் பற்றியவை அல்ல. அவருடைய பலம், தன்னை ஓர் ஓரமாக நிறுத்திக்கொள்ளத் தெரிந்தது. சின்ன வாக்கியங்கள், கண்ட மனிதர்கள், கேட்ட பேச்சு. வர்ணனை என்று தனியாக ஒன்று இருக்காது. எங்கே போனாலும் அங்கே நம்மவர் யாராவது இருக்கிறார்களா, எப்படி இருக்கிறார்கள் என்று தேடுகிற ஒரு பழக்கம் அவருக்கு இருந்தது. அந்தப் பழக்கம்தான் அவருடைய கேள்வி. 'ஒன்றே உலகம்' எழுதிய தனிநாயகம் அடிகளுக்கும் அப்படி ஒன்று இருந்தது. இலங்கையில் பிறந்து, ரோமாபுரியில் படித்து, திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் பள்ளிக்கூடத்து வாத்தியாராக வந்து தமிழில் ஆழ்ந்தவர் அவர். ஐரோப்பாவின் நூலகங்களுக்குள் அவர் நுழைந்தபோது, அங்கே பூட்டிக் கிடக்கிற தமிழ் என்ன என்ற விசாரம் அவரோடு கூடவே போயிற்று. அதனால்தான் நான் தாண்டிப்போன கட்டடத்தில் அவருக்கு ஒரு புத்தகம் கிடைத்தது.

ஆக, அழகான ஊரைப் பார்த்து அழகாக எழுதுவது மட்டும் பிரயாண இலக்கியமாகாது என்பது என் அபிப்பிராயம். எழுதுகிறவன் தன் ஊரை ஒரு படியாகக் கொண்டுபோய் அந்த ஊரை அளந்து பார்க்க வேண்டும். அளவு சரியாக இராமல் போகலாம்; பரவாயில்லை. வெறுங்கையோடு போகிறவன் எதை வைத்து அளப்பான்?

இந்த எண்ணத்தோடு நான் நிறுத்தியிருந்தால் வேறொரு குழியில் விழுந்திருப்பேன். அதைச் சொல்லாவிட்டால் இந்த விமரிசனம் முழுமையாகாது.

கடிதம் கிடைத்த சில மாதங்களுக்குப் பிறகு முத்தையாபுரம் போனேன். வெயில் காலம், உப்பு விளைகிற பருவம். பாத்திகளில் உப்பை வாரி வரப்பில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் தலையில் சுமந்துபோய் அம்பாரமாகக் குவித்தார்கள். வெள்ளை வெயிலும் வெள்ளை உப்புமாகக் கண்ணைத் திறந்து பார்க்க முடியவில்லை. தூரத்தில் துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் தெரிந்தன. பெரியவர் தம் வீட்டு வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு காத்திருந்தார். எழுபதைத் தாண்டியவர். நான் "அண்ணாச்சி" என்றேன். அவர் கடிதத்தில் இருந்த "ஐயா"வை விட்டுவிட்டுத் "தம்பி" என்று ஆரம்பித்துவிட்டார்.

வந்த உற்சாகத்தில், லிஸ்பனில் என்னைச் சிரிக்க வைத்த ஒரு விஷயத்தைச் சொன்னேன். விடுதிக்காரி என் கையில் எதையோ கொடுத்து "ஷாவி" என்றாள், பார்த்தால் சாவி. "ஜனேலா" என்று ஜன்னலைத் திறந்து காட்டினாள். மேஜை அவளுக்கு "மேஸா". அலமாரி, துவாலை எல்லாம் கொஞ்சம் நாக்குப் புரண்ட மாதிரி அவள் வாயிலும் வந்தன. இதைக் கட்டுரையில் ஒரு வேடிக்கையாக எழுதியிருந்தேன்.

"ஏலத்த விட்டுட்டியளே" என்றார் அண்ணாச்சி.

ஏலம் என்பதும் போர்ச்சுகீசியச் சொல்தான். அவர்கள் பாஷையில் 'லெய்லாவ்ம்' என்பார்கள். அண்ணாச்சி சிறு பையனாக இருந்தபோது முத்துச் சலாபம் பார்த்திருக்கிறார். தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் நடந்தது 1961-இல். தோணிகள் விடியுமுன் பாருக்குப் புறப்பட்டுப் போகும். கயிற்றில் கட்டிய கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு குளியாளி இறங்குவான். மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பவனுடைய கையில் அவன் உயிர் இருக்கும். திரும்பி வந்தபின் கரையில் சிப்பியைப் பங்கு வைப்பார்கள். வெள்ளைக்காரன் காலத்துச் சலாபங்களில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு. ஒரு பங்கு குளித்தவனுக்கு. சர்க்கார்ப் பங்கு அன்றன்றே ஏலத்தில் போகும். சிப்பிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பவனுக்கும் தெரியாது, கொடுப்பவனுக்கும் தெரியாது.

"சாவி, ஜன்னல் எல்லாம் எங்க ஊர்ல வீட்டுக்குள்ள இருக்கிற சொல்லு தம்பி. ஏலம் கடக்கரைச் சொல்லு. எது முதல்ல வந்திருக்கும்னு நினைக்கிய?"

நான் பதில் சொல்லவில்லை. அன்று பிற்பகல் இருவருமாக ஆத்தூர் வழியாகப் புன்னைக்காயலுக்குப் போனோம். தாமிரபரணி கடலில் சேர்கிற இடம். அண்டிரிக் அடிகளார் என்று நம்மவர் அழைத்த ஹென்றிக் ஹென்றிக்கஸ் இந்தக் கரையில் அரை நூற்றாண்டு வாழ்ந்து தமிழ் கற்றுத் தமிழில் எழுதினார். 1578-இன் 'தம்பிரான் வணக்கம்' அவருடையது. 1586-இல் புன்னைக்காயலிலேயே அவருடைய 'அடியார் வரலாறு' அச்சாயிற்று என்று சொல்லுவார்கள். அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட பெரிய புத்தகம். 1967-இல் தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகம் அதை மறுபடி பதிப்பித்தது. அவர் 1600-இல் காலமானபோது தூத்துக்குடியில் அடக்கம் செய்தார்கள். அச்சுக்கூடம் இருந்த இடம் என்று காட்ட அங்கே இப்போது ஒன்றும் இல்லை. வலை உலர்த்தியிருந்தார்கள். வள்ளங்கள் கரையேறிக் கிடந்தன. ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கிற இடத்தில் நிறம் வித்தியாசமாகத் தெரிந்தது.

அந்தக் கரையில் நின்றபோது எனக்குள் ஒரு புதுக் கட்டுரை உருவாகிவிட்டது. மிகவும் காரசாரமான கட்டுரை. "அந்த மடத்தின் ஒவ்வொரு கல்லும் நம் முத்துக்குளிப்பவனின் மூச்சில் நிற்கிறது" என்று முதல் வாக்கியம்கூட வந்துவிட்டது. 1960-இல் ஆற்றோரத்தில் கட்டி நிறுத்திய நினைவுச் சின்னத்தில் முப்பத்து மூன்று உருவங்கள் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. சவேரியார் நிற்கிறார், மாலுமிகள் நிற்கிறார்கள். தமிழ்ப் புத்தகம் தந்த மூவரில் ஒருவரும் இல்லை. இதையும் சேர்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன். திரும்பி வருகிற வழியில் பஸ்ஸில் அண்ணாச்சியிடம் முதல் வாக்கியத்தைச் சொல்லிக் காட்டினேன்.

அவர் முகத்தைச் சுளித்தார். "அப்படி எழுதிராதிய தம்பி. அது மிளகுப் பணத்துல கட்டுனதுன்னுல்லா சொல்லுதாங்க? ஆப்பிரிக்காச் சரக்கு, கீழ்த்திசைச் சரக்கு, இதுக்கெல்லாம் போட்ட வரி. நம்ம கணக்கு செருப்புக்குத்தான். செருப்புக்குக் கட்டுனத மடத்துக் கணக்குல ஏத்தி எழுதலாமா?"

நான் விடவில்லை. "அண்ணாச்சி, எந்தப் பணமாக இருந்தால் என்ன? பிடுங்கியது பிடுங்கியதுதானே?"

"பிடுங்கினான், இல்லேங்கல. இங்க இருந்த கேப்டன்மாரு செஞ்ச அநியாயத்தச் சவேரியாரே கடுதாசில எழுதி வருத்தப்பட்டிருக்காரு. அதயும் எழுதுங்க. ஆனா கொச்சிக்குப் போயி அவனக் கூப்பிட்டது எங்க ஆளுகதான். அதயும் எழுதணும். செருப்புப் பணம் பின்னால பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்தவங்க சம்பளத்துக்குப் போச்சு. அதயும் எழுதணும். வரவயும் எழுதணும், பத்தயும் எழுதணும். ஒரு பக்கம் மட்டும் எழுதினா அதுக்குப் பேரு கணக்கில்ல."

சரித்திர அறிஞர்கள் சொல்வதும் அதுதான். ஜெரோனிமோஸ் மடம் எழுந்தது ஆப்பிரிக்க, கீழ்த்திசை வியாபாரத்தின்மேல் விதித்த வரியில். இதை நான் என் முதல் கட்டுரைக்காகவே படித்திருந்தேன். கோபம் வந்ததும் மறந்துவிட்டேன். முதல் கட்டுரையில் நான் பார்க்கவில்லை. இரண்டாவது கட்டுரையை எழுதியிருந்தால், பார்க்காததையும் பார்த்ததாகச் சொல்லியிருப்பேன். இன்று நம்மிடையே இந்த இரண்டாவது வகை பெருகி வருவதைக் கவனிக்கிறேன். அயல் நகரத்தில் கால் வைத்ததும் ஒன்று மயங்கிப் போகிறோம்; அல்லது குற்றப்பத்திரிகை படிக்கிறோம். இரண்டுக்கும் நகரத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. இரண்டையும் புறப்படுமுன் வீட்டிலேயே எழுதி வைத்துவிடலாம்.

இந்தப் பெரியவர் லிஸ்பனைப் பார்த்ததில்லை; இனிப் பார்க்கப் போவதுமில்லை. ஆனால் அந்த நகரத்தின்மேல் அவருக்கு இருப்பது பிரியம்தான் என்று எனக்குத் தோன்றியது. கடன் கொடுத்தவனுக்குக் கடன் வாங்கியவனிடம் இருக்கிற பிரியம் அல்ல. பழைய கணக்கு ஒன்றை இன்னும் மூடாமல் வைத்திருக்கிற இருவருக்குள் இருக்கிற பிரியம். அவர் கும்பிடுகிற மாதாவும், அவர் பெயரின் பின்பாதியும், அவர் வீட்டுச் சாவியும் அந்தக் கணக்கில் சேர்ந்தவை. 1658-இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்துக்கொண்டு போர்ச்சுகீசியரை விரட்டினார்கள். அதற்குப் பிறகு லிஸ்பனுக்கு இந்தக் கரையை நினைக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. 1755-இல் கீழ்த்திசை வியாபாரத்தை நடத்திய ஆற்றோரத்து மாளிகையும் அழிந்துபோயிற்று. அந்த நகரம் தன் பக்கத்துக் கணக்கைத் தொலைத்திருக்கலாம். முத்தையாபுரத்தில் ஒருவர் தம் பக்கத்தை ஒழுங்காக வைத்திருக்கிறார். லிஸ்பனைப் பற்றித் தமிழில் எழுதத் தகுதியானவர் அவரா, நானா என்று கேட்டால் நான் கூச்சப்பட வேண்டியிருக்கிறது.

ஆனால் அவர் எழுத மாட்டார். எழுதுவது என் தொழில். அதனால் என்ன செய்ய வேண்டும் என்று அவரிடமே கேட்டேன். "மறுபடி போனா எதைப் பார்க்கட்டும், அண்ணாச்சி?"

கொஞ்ச நேரம் யோசித்தார். பஸ் பழையகாயலைத் தாண்டிக்கொண்டிருந்தது. "அந்த மூணு பேரு போட்ட புத்தகம் இருக்குன்னீங்கல்லா? நம்ம பேச்ச வெள்ளக்காரன் எழுத்துல எழுதியிருக்கான். தமிழ் எழுத்துல எழுதினா மருதக்காரனும் மட்றாஸ்காரனும் ஒண்ணுபோலத்தான் எழுதுவான். காதால கேட்டத அந்த எழுத்துல எழுதும்போது, நம்ம ஊரு உச்சரிப்பு அப்படியே விழுந்திருக்குமே? நானூத்துச் சொச்சம் வருசத்துக்கு முன்னால எங்க ஆளுக எப்படிப் பேசியிருக்காங்கன்னு அதுல தெரியுமா? அதப் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

ஒரு நகரத்துக்குப் போக இதைவிட நல்ல காரணம் எனக்கு யாரும் சொன்னதில்லை. முதல் தடவை போனபோது என் சட்டைப்பையில் நகரத்தின் வரைபடம் இருந்தது, டிராம் வண்டியின் நேர அட்டவணை இருந்தது, சாப்பாட்டு விடுதிகளின் பட்டியல் இருந்தது. இப்படி ஒரு கேள்வி இல்லை.

இன்னும் நான் லிஸ்பனுக்கு மறுபடி போகவில்லை. போனால் குன்றுகளும் டிராமும் சாயங்கால வெளிச்சமும் முன்போலவே அழகாகத்தான் இருக்கும். அவற்றைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொள்ளப் போவதில்லை. முட்டைப் பலகாரமும் சாப்பிடுவேன். ஆனால் முதலில் ராணி கத்தரீனாவின் கல்லறைக்கு முன் நின்று பெயரைப் படிக்க வேண்டும். பிறகு அந்தப் புத்தகத்தைக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். காட்டினால் ஒரு பக்கத்தையாவது எழுத்தெழுத்தாகப் பெயர்த்து எழுதிக்கொண்டு வந்து முத்தையாபுரத்தில் வாய்விட்டுப் படிக்க வேண்டும். அதற்குப் பிறகு எழுதுகிற கட்டுரை நன்றாக வருமா என்று தெரியாது. என்னுடைய முந்தைய லிஸ்பன் கட்டுரையைப் படித்துப் பாராட்டிய வாசகர்களை, அதுவரையில் பொறுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.